கண்டவர் சான்று

ஒருவர் தம் வாழ்நாளில் கண்ட பேஸ்பால் ஆட்டக்காரர்களுள் தலைசிறந்தவர்கள் யார் என்ற வினா அமெரிக்கக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருவது. விடையாக வரும் பெயர்களைக் காட்டிலும், வினாவில் அமைந்துள்ள ‘கண்ட’ என்னும் ஒற்றைச் சொல்லே மெய்யியல் நோக்கில் ஆராயத்தக்கது. எக்காலத்துக்கும் சிறந்தவர் யார் என்று கேட்பவர் உலகத்தைப் பற்றிக் கேட்கிறார். விடை சொல்பவர் எவராயினும் விடை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அக்கேள்வியில் உண்டு. கண்டவருள் சிறந்தவர் யார் என்று கேட்கும்போதோ, சொல்பவர் பிறந்த ஆண்டும், வளர்ந்த ஊரும், அரங்கில் அவருக்குக் கிடைத்த இருக்கையும் விடைக்குள் நுழைந்துவிடுகின்றன. இதனைக் குறையென்று கருதி, இத்தகைய தீர்ப்புகளை வெறும் விருப்பம் என்று ஒதுக்குவோர் உளர். அது குறையன்று என்பதும், தன் எல்லையை அறிந்து சொல்லப்படும்போது அத்தீர்ப்பு சாட்சியம் என்னும் தகுதியைப் பெறுகிறது என்பதும், சாட்சிக்கு உரிய கடமைகளும் அப்போது சொல்பவரைச் சேர்கின்றன என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அறிவு எவ்வழியாக வருகிறது என்னும் ஆராய்ச்சியைத் தமிழ் மெய்யியல் நூல்கள் அளவை என்று வழங்குகின்றன. மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை அளவைகளைப் பத்தாக விரித்துரைக்கிறது. அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றுள் அடக்குகிறது. பொறிகளின் வழியே நேராக அறிவது காட்சி. அறிந்த ஒன்றைக்கொண்டு அறியாத ஒன்றைத் துணிவது கருதல். நம்பத்தக்க சொல்லால் அறிவது உரை. சைவ நூல்கள் உரை என்பதால் முதன்மையாகக் குறிப்பது இறைநூலையே ஆயினும், பொதுவழக்கில் மெய்யுரைப்பார் ஒருவரின் வாய்மொழியையும் அச்சொல் தழுவி நிற்கும். காட்சி என்பதும் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. செவியால் கேட்பதும் மெய்யால் உணர்வதும் காட்சியே. இச்சொற்களை ஆக்கியவர்கள் பேஸ்பாலை அறிந்தவர்கள் அல்லர் எனினும், ‘கண்டவருள் சிறந்தவர்’ என்ற கூற்றைப் பகுத்துப் பார்க்க இவற்றினும் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது.

முதலில் காட்சி. 1954 செப்டம்பர் 29 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில், ஆண்டின் இறுதிப் போட்டித் தொடரான உலகத் தொடரின் முதல் ஆட்டம் நடந்தது. எட்டாவது இன்னிங்ஸ், இரு அணிகளும் தலா 2 ஓட்டங்களில் சமநிலை, கிளீவ்லாந்து அணியின் இருவர் தளங்களில் காத்து நின்றனர். விக் வெர்ட்ஸ் அடித்த பந்து மைய வெளிக்களத்தின் ஆழத்தை நோக்கிப் பறந்தது. அந்த அரங்கின் மையக்களம் அக்காலத்துப் பெரிய லீக் அரங்குகளில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு நீண்டது. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் வில்லி மேஸ் மட்டையாளருக்கு முழுமையாக முதுகைக் காட்டியபடி மதிலை நோக்கி ஓடி, தோளுக்கு மேலாக வந்து இறங்கிய பந்தை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, ஓட்டம் நிற்பதற்கு முன்பே சுழன்று, தலையிலிருந்து தொப்பி கழன்று விழ, உள்களத்தை நோக்கி எறிந்தார். இரண்டாம் தளத்தில் இருந்த லாரி டோபி மூன்றாம் தளம் வரையே செல்ல முடிந்தது. முதல் தளத்தில் இருந்தவர் நகரவே இல்லை. ஆட்டக் குறிப்பேட்டில் இந்நிகழ்ச்சி எழுதப்படும் முறை மிகச் சுருக்கமானது: மைய வெளிக்களத்தாருக்குரிய எண் 8, ஆகவே வானில் எழுந்த பந்து அவரால் பிடிக்கப்பட்டது என்பதைக் காட்ட ஓர் எழுத்தும் எட்டு என்னும் இலக்கமுமே போதும். நின்ற இடத்திலேயே பிடிக்கப்பட்ட ஒரு சாதாரணப் பந்துக்கும் அதே குறிப்புதான். அன்று அரங்கில் இருந்த 52,000-க்கும் மேற்பட்டோர் அறிந்ததற்கும் குறிப்பேடு அறிந்ததற்கும் இடையிலுள்ள தொலைவே காட்சி அளவையின் மதிப்பு. சித்தாந்த நூல்கள் காட்சியை மேலும் பகுத்து, பொறிகளின் வாயிலாக நிகழ்வதை வாயிற்காட்சி என்றும், இன்பதுன்பங்களைத் தன்னுள் நேரே நுகர்ந்து அறிவதைத் தன்வேதனைக் காட்சி என்றும் கூறும். மேஸ் பந்தைப் பிடித்த கணத்தில் கண்டவர் நெஞ்சில் எழுந்தது பின்னதைச் சார்ந்தது. அதனை வேறு எவ்வழியாலும் பிறருக்கு முழுமையாகக் கைமாற்ற இயலாது.

ஆயினும் காட்சிக்கு ஐயம், திரிபு என்னும் குற்றங்கள் உண்டு என்று அளவை நூல்கள் எச்சரிக்கின்றன. தொலைவில் தெரிவது கட்டையோ ஆளோ என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபு. பேஸ்பாலில் திரிபுக்காட்சிக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, நியூயார்க் யாங்கீஸ் அணியின் டெரெக் ஜீட்டர் ‘ஷார்ட் ஸ்டாப்’ என்னும் இடத்தில், அதாவது இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்று தடுத்தாடிய முறை பற்றிய மதிப்பீடு. வலப்புறம் ஆழமாக ஓடிப் பந்தை எடுத்து, வானில் தாவியபடியே முதல் தளத்துக்கு எறிவது அவருக்கே உரிய அழகு, கண்டவர் மறக்கமாட்டார். சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதை அவர் ஐந்து முறை பெற்றார். ஆனால் எத்தனை பந்துகள் அவர் பக்கம் வந்தன, எத்தனை அவரைக் கடந்தன என்பதை ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்த புள்ளியியலாளர்கள், தடுப்பாட்டத்தில் அவர் சராசரிக்கும் கீழே இருந்தார் என்றே திரும்பத் திரும்பக் கண்டனர். மற்றொருவர் இரண்டடி முன்னதாகவே சென்று நின்று எளிதாக எடுத்திருக்கக்கூடிய பந்தை ஜீட்டர் தாவி எடுத்தபோது, கண் தாவலைக் கண்டதேயொழிய, தாவ நேர்ந்த காரணத்தைக் காணவில்லை. எடுக்கப்படாமல் போன பந்துகளோ எவர் நினைவிலும் தங்குவதில்லை. ஜீட்டர் மட்டையாட்டத்தில் பெருந்திறன் உடையவர் என்பதில் ஐயமில்லை. 2020-ஆம் ஆண்டுத் தேர்தலில் 397 வாக்குகளுள் 396 பெற்று, கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்க்கூடத்துக்குத் தேர்வானவர் அவர். இங்கே சொல்ல வந்தது, மிகத் தெளிவாகக் கண்டோம் என்ற உறுதி உண்மைக்கு ஈடாகாது என்பதே.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கிரெக் மேடக்ஸ் 355 வெற்றிகள் பெற்ற பந்து வீச்சாளர். 1994, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி முறையே 1.56, 1.63. அவருடைய பந்தின் வேகமோ, அவர் காலத்து வீச்சாளர் பலருடையதைவிடக் குறைவு. வீச்சாளர் நிற்கும் மேட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் தளத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். வேகப்பந்து அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடியே ஆகும். அரை நொடிக்கும் குறைந்த அந்த இடைவெளியில், பந்து கடைசிக் கட்டத்தில் ஓர் அங்குலம் விலகுவதே மேடக்ஸின் கலை. பயிலாத கண்ணுக்கு அங்கே காண ஒன்றுமில்லை. மட்டையாளர்கள் ஏன் இவ்வளவு எளிய பந்தை அடிக்கத் தவறுகிறார்கள் என்ற வியப்பே மிஞ்சும். சுவை பற்றிய தீர்ப்புக்கு அளவுகோல் உண்டா என்று 1757-இல் ஆராய்ந்த ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம், நுண்ணுணர்வும் பயிற்சியும் பலவற்றை ஒப்பிட்டுப் பழகிய அனுபவமும் உடையவராய், சார்பு நீங்கியவராய் இருப்பவர்களின் ஒருமித்த தீர்ப்பே அளவுகோல் என்று முடிவு செய்தார். மேடக்ஸைத் தம் பட்டியலில் முன்வைப்பவர், மேடக்ஸைப் பற்றி மட்டுமன்றித் தம் கண்ணின் பயிற்சியைப் பற்றியும் சான்று பகர்கிறார்.

கருதல் அளவை இவ்விளையாட்டில் புள்ளியியலின் வடிவில் வளர்ந்தது. எளிதில் கிடைக்கக்கூடிய ஒரு மாற்று ஆட்டக்காரரை நிறுத்தியிருந்தால் அணி பெற்றிருக்கும் வெற்றிகளைக் காட்டிலும், இன்னார் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தேடித் தந்தார் என்று கணக்கிடும் முறை இன்று பரவலாக வழங்குகிறது. எண் கண்ணைத் திருத்துகிறது என்பதற்கு ஜீட்டர் சான்று. ஆனால் எதனை எண்ண வேண்டும் என்பதை எண்ணே சொல்லாது. பில் ஜேம்ஸ் என்னும் ஆய்வாளர் உச்சக்கால மதிப்பு, ஆட்டவாழ்வின் மொத்த மதிப்பு என இரண்டாகப் பிரித்துக் காட்டியபோது, மறைந்திருந்த இந்த மெய்யியல் சிக்கல் வெளிப்பட்டது. சாண்டி கோஃபாக்ஸ், வாரன் ஸ்பான் இருவரும் இடக்கை வீச்சாளர்கள். ஸ்பான் பெற்ற வெற்றிகள் 363; கோஃபாக்ஸ் பெற்றவை 165. கோஃபாக்ஸின் ஒளி 1962 முதல் 1966 வரையிலான ஐந்து ஆண்டுகளில் குவிந்திருந்தது. 1966-இல் 27 வெற்றிகளும் 1.73 என்ற சராசரியும் பெற்று உச்சத்தில் நின்றபோதே, முழங்கையில் முற்றிய மூட்டுநோயால் 30 வயதில் ஆட்டத்தைவிட்டு விலகினார். நல்வாழ்வு என்று ஒன்றைச் சொல்ல முழு ஆயுளின் அளவும் வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். அவர் வழியில் எண்ணுபவர் ஸ்பானையே தேர்வார். மலையின் பெருமை அதன் உயரம்தானே, அகலம் அன்றே என்று எண்ணுபவர் கோஃபாக்ஸைத் தேர்வார். இவ்விருவரில் எவரையும் எண் தவறென்று காட்ட முடியாது.

கோஃபாக்ஸைக் குறித்து இன்னொன்றும் இங்குச் சொல்லத்தக்கது. 1965 அக்டோபர் 6 அன்று உலகத் தொடரின் முதல் ஆட்டம் யூதர்களின் பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூர் திருநாளோடு ஒன்றி வந்தபோது, அவர் பந்து வீச மறுத்துவிட்டார். பின்னர் அதே தொடரின் ஐந்தாம் ஆட்டத்திலும், இரண்டே நாள் ஓய்வுக்குப் பின் ஏழாம் ஆட்டத்திலும் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் தராமல் வென்றார். அவரையே ‘கண்டவருள் சிறந்தவர்’ என்று சொல்லும் யூதக் குடும்பங்கள் பலவற்றில், அவர் வீசிய பந்துகளோடு அவர் வீசாத அந்த நாளும் சேர்த்தே நினைக்கப்படுகிறது. சிறப்பு என்னும் சொல்லுக்குள் திறன் மட்டும் அடங்குமா, ஒழுக்கமும் அடங்குமா என்ற வினா இங்கே எழுகிறது. புகழ்க்கூடத்தின் தேர்தல் விதியே ஆட்டத்திறனோடு நேர்மையையும் நடத்தையையும் கருதும்படி வாக்காளர்களைப் பணிக்கிறது. பாரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன்களும், 2001 என்னும் ஒரே ஆண்டில் 73 ஹோம் ரன்களும் அடித்தவர். ஹோம் ரன் என்பது பந்தைக் களத்தின் மதிலுக்கு அப்பால் அடித்து, தளங்கள் அனைத்தையும் தடையின்றிச் சுற்றி வருவது. 2004-இல் எதிரணியினர் அவருக்கு அடிக்கத்தக்க பந்தை வீசவே அஞ்சி, 120 முறை வேண்டுமென்றே முதல் தளத்தை விட்டுக்கொடுத்தனர். ஆயினும் ஊக்கமருந்து பற்றிய குற்றச்சாட்டின் நிழலில், தம் பத்தாவதும் இறுதியுமான வாய்ப்பான 2022 தேர்தலில் அவர் பெற்றது 66 விழுக்காடே, தேவை 75. தெரிந்து எதையும் பயன்படுத்தவில்லை என்பது அவர் நிலை. அவரைத் தம் பட்டியலில் சேர்ப்பவரும் விலக்குபவரும் கண்டது ஒன்றையே. கண்டது எது என்பதில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள். கண்டதை மறைப்பது சாட்சிக்கு அழகன்று. ஆகவே பாண்ட்ஸின் பெயரைச் சொல்லி, அதனோடு ஐயத்தையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வழி எனத் தோன்றுகிறது.

கண்டவர்களின் தீர்ப்பைத் திரட்டினால் என்ன நிகழும் என்பதை நூற்றாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ‘நூற்றாண்டு அணி’க்கு 1999-இல் நடந்த தேர்வு காட்டியது. ரசிகர்கள் வாக்களித்தனர்; வாக்குகள் எண்ணப்பட்டபின், விடுபட்டவர்களைச் சேர்க்க ஒரு குழு தேவைப்பட்டது. ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மாத்யூசன், லெஃப்டி குரோவ், ஸ்டான் மியூசியல், வாரன் ஸ்பான் ஆகிய ஐவரைக் குழு சேர்த்தது. கோஃபாக்ஸ் மக்கள் வாக்காலேயே வந்தார். ஸ்பான் குழுவின் தயவால் வந்தார். முந்தைய ஆண்டில் 70 ஹோம் ரன்கள் அடித்திருந்த மார்க் மெக்வயர் மக்களின் தேர்வு. ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2010-இல் அவரே ஒப்புக்கொண்டார். வாக்னர் கடைசியாக ஆடிய ஆண்டு 1917. அவரைக் கண்டவர்கள் 1999-இல் அநேகமாக எஞ்சியிருக்கவில்லை. இளமையில் கண்டவை ஆழப் பதியும் என்பது உளவியலார் பலர் உறுதிசெய்த செய்தி. ஒவ்வொருவரும் தம் பதின்பருவத்து நாயகனைப் பட்டியலின் முதலில் வைப்பதன் காரணம் பெரும்பாலும் அதுவே. இதில் நாணுவதற்கு ஏதுமில்லை, மறைப்பதுதான் தவறு.

ஆனால் காட்சியின் எல்லைகளுள் மிகக் கொடியது இயற்கையால் வந்ததன்று. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை, இருபதாம் நூற்றாண்டின் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தார் எவரும் ஆட விடப்படவில்லை. அவர்கள் நீக்ரோ லீக்குகள் என்று வழங்கிய தனிச் சங்கங்களில் ஆடினர். 1930-களில் யாங்கீஸ் அரங்கில் ஆண்டு முழுவதும் அமர்ந்து, கண்டவருள் சிறந்தவர் லூ கெரிக் என்று சொன்ன ஒருவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எவரைக் காண்பார், எவரைக் காணமாட்டார் என்பது அவர் அரங்குக்குள் நுழையும் முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. போலோ கிரவுண்ட்ஸில் மேஸ் பந்தைப் பிடித்த அந்தக் காட்சிக்கே திரும்பினால், மேஸ் பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணியிலிருந்தும், தளத்தில் நின்ற டோபி நூவர்க் ஈகிள்ஸ் அணியிலிருந்தும் வந்தவர்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் என்றால் உலகத் தொடரில் இருவரில் ஒருவரும் ஆடியிருக்க முடியாது. ஆகவே ‘கண்ட’ என்னும் சொல்லுக்குள் அறிவின் எல்லை மட்டுமன்று, அநீதியின் எல்லையும் அடங்கியிருக்கிறது.

நீக்ரோ லீக்குகளில் ஆடிய மட்டையாளர் ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரி 20 அன்று, ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன், 35 வயதில் இறந்தார். 2020 டிசம்பரில் 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளாக ஏற்கப்பட்டு, 2024 மே மாதத்தில் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அன்று முதல், ஆட்டவாழ்வு முழுமைக்குமான மட்டையடிச் சராசரியில், அதாவது எதிர்கொண்ட வாய்ப்புகளுள் எத்தனை பங்கில் வெற்றிகரமாக அடித்தார் என்னும் அளவில், .372 பெற்ற கிப்சன் முதலிடத்திலும், நெடுங்காலம் அவ்விடத்தில் இருந்த டை காப் .367 பெற்று அடுத்தும் நிற்கின்றனர். காப்பின் பதிவில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வாய்ப்புகள் உள்ளன. கிப்சனுக்குப் பதிவாகிக் கிடைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சமே. ஊர் ஊராகச் சென்று அவர் ஆடிய எண்ணற்ற ஆட்டங்களுக்குக் கணக்கே இல்லை. கருதல் அளவை இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது. எஞ்சிய வழியை உரை அளவையால்தான் கடக்க வேண்டும்.

அவ்வுரையைத் தந்தவர்களுள் தலையாயவர் பக் ஓ’நீல். கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியின் முதல் தள ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்து, பின்னர் பெரிய லீக்கில் முதல் கறுப்பினப் பயிற்சியாளராக ஆகி, 1990-களில் கன்சாஸ் சிட்டியில் எழுந்த நீக்ரோ லீக்குகள் அருங்காட்சியகத்துக்கு உருக்கொடுத்தவர். தம் வாழ்நாளில் மட்டையில் பந்து பட்ட ஒலியொன்று மூன்று முறை மட்டுமே மற்ற ஒலிகளினின்று வேறுபட்டுக் கேட்டது என்று அவர் பல மேடைகளில் சொல்லி வந்தார். சிறுவனாக ஃபுளோரிடாவில் இருந்தபோது கேட்ட அந்த ஒலியின் பின்னால் ஓடிச் சென்று பார்த்தார். அடித்தவர் பெரிய லீக்குகளின் பேப் ரூத். மொனார்க்ஸ் அணியில் ஆடிய காலத்தில் மீண்டும் கேட்டது. உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தார். அடித்தவர் ஜோஷ் கிப்சன். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, முதியவராகிக் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அரங்கில் இருந்தபோது மூன்றாம் முறை கேட்டது. அடித்தவர் போ ஜாக்சன் என்னும் இளைஞர்.

இம்மூன்றாம் பெயரே இச்சான்றின் நேர்மைக்கு அடையாளம். ஜாக்சனின் மட்டையடிச் சராசரி .250, மொத்த ஹோம் ரன்கள் 141, அமெரிக்கக் கால்பந்தில் ஏற்பட்ட இடுப்புக் காயம் 1991-க்குப் பின் அவர் ஆட்டத்தைக் குலைத்துவிட்டது. ரூத், கிப்சன் ஆகியோரோடு அவரை ஒரே வரிசையில் வைக்கும் எண்கணக்கு எதுவும் இல்லை. பட்டியலை அழகுபடுத்த விரும்பியவர் இன்னும் பெரிய பெயர் ஒன்றை மூன்றாவதாகச் சொல்லியிருப்பார். ஓ’நீல் தம் செவி அறிந்ததையே சொன்னார்; மூவரும் ஆட்டவாழ்வில் சமமானவர்கள் என்று அவர் சொல்லவில்லை, மூவர் மட்டையிலும் அந்த ஒலி எழுந்தது என்று மட்டுமே சொன்னார். ரூத் காலத்துப் பெரிய லீக்குகளின் ரசிகர் அவரை மட்டும் அறிவார். பதிவேடு ஜாக்சனைச் சராசரி ஆட்டக்காரராகக் காட்டும். கிப்சனைப் பல்லாண்டுகள் காட்டவே இல்லை. நிற வேலியின் இருபுறத்தையும் அறிந்த ஒருவரின் செவியே மூவரையும் ஒன்று சேர்த்தது. சாட்சியின் சொல்லை நாம் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பவருக்கு, தமக்கு ஆதாயமில்லாத இடத்திலும் கண்டதை மாற்றாமல் சொன்னார் என்பதைவிட வேறு என்ன விடை வேண்டும்?

2006-இல் புகழ்க்கூடம் அமைத்த தனிக்குழு நீக்ரோ லீக்குகளையும் அவற்றுக்கு முந்தைய காலத்தையும் சேர்ந்த 17 பேரைத் தேர்ந்தெடுத்தது. ஓ’நீல் அவர்களுள் இல்லை. தேர்வான பதினேழு பேரில் ஒருவரும் அன்று உயிரோடு இல்லாததால், அவர்களுக்காகப் பேச ஒருவர் வேண்டியிருந்தது. ஜூலை 30 அன்று கூப்பர்ஸ்டவுனில் 94 வயது ஓ’நீல் மேடையேறி, அவர்களைப் பற்றிப் பேசி, கூடியிருந்தோரைக் கைகோத்து நிற்கச் செய்து, தம்மோடு சேர்ந்து பாட வைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 6 அன்று அவர் இறந்தார். புகழ்க்கூடத்தில் அவர் பெயர் 2022-இல் சேர்க்கப்பட்டது.